கிண்ணியாப் பாலமும் என் நாரி வலியும்

"கன்னியாவுக்குப் போய் ஏழு கிணற்றிலும் குளித்துவிட்டு வாங்க. நாரி வலி இருந்த இடமே தெரியாமல் போயிடும்."

2023 ஆம் ஆண்டு நோன்பு காலத்தில் அக்குறணையில் எங்கள் வீட்டுக்கு நோய் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேராவது இதைத்தான் சொல்லியிருப்பார்கள். மீதிப் பேர் ஆளுக்கொரு எண்ணெயின் பெயரையும் ஆளுக்கொரு வெதமாத்தயாவின் ஊரையும் சொன்னார்கள். காலால் பிறந்த ஒருவரைக் கூட்டி வந்து முதுகில் மிதிக்கச் சொன்னால் பிடிப்பு விட்டுவிடும் என்று சொன்னவரும் உண்டு. நல்லவேளை, பிள்ளைகளின் வாப்பா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் நான் கன்னியாவுக்குப் போகத்தான் செய்தேன். அந்தச் சுடுநீர் எனக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதையும், நான் எதிர்பாராமல் கிடைத்த இன்னொரு மருந்தையும் பற்றி எழுதினால் என்னைப் போல நாரியைப் பிடித்துக்கொண்டு குசினியில் நிற்கும் சகோதரிகளுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஒரு கார்ப்பட் செய்த வேலை

நோன்புக்கு முந்திய கிழமை நம் வீடுகளில் நடக்கும் வேலை உங்களுக்குத் தெரியும். திரைச்சீலை கழற்றி, தரை கழுவி, அலுமாரி நகர்த்தி, ஒரு கலியாண வீட்டு வேலை நடக்கும். மண்டபத்துக் கார்ப்பட்டைச் சுருட்டி, குனிந்தபடியே ஒரு பக்கமாகத் திரும்பித் தூக்கினேன். நாரியில் ஏதோ நூல் அறுந்தது போல இருந்தது. அன்று பெரிதாக வலிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. வலி நாரியை விட்டு இடது பக்கப் பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்புறமாக, கணுக்கால் வரை மின்சாரம் போல ஓடியது. பெருவிரல் மரத்துப் போனது. தும்மினாலும் இருமினாலும் உயிர் போய் வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். நாரிப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அந்தத் தாளை வாசித்த நாளிலிருந்து எனக்குப் பாதி நோய் மனதில் ஏறிக்கொண்டது.

சத்திரசிகிச்சை நிபுணர் நிதானமான மனிதர். "இது இன்றைக்கே வெட்ட வேண்டிய நோய் அல்ல. பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் குறைந்துவிடும். பாதத்தின் பலம் குறைந்துகொண்டு போகிறதா என்று மட்டும் கவனமாக இருங்கள்" என்று சொல்லி, மருந்தும் கொடுத்து, இயன்மருத்துவப் பிரிவுக்கும் அனுப்பினார்.

அந்த வருடத்து நோன்பு முழுவதும் கதிரையில் இருந்தே தொழுதேன். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகைதான் அது. ஆனாலும் ஸுஜூதில் நெற்றி நிலத்தில் படாமல் போன மனவருத்தத்தை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

எட்டுக் கிழமை சென்றும் வலி முழுதாகப் போகவில்லை. ஜூலை ஆரம்பத்தில் ஒரு திகதி தந்தார் நிபுணர். "அதற்குள்ளும் இப்படியே இருந்தால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவோம்" என்றார்.

இந்த நேரத்தில்தான் கிண்ணியாவிலிருந்து அழைப்பு வந்தது. என் மகள் அங்கே வாழ்க்கைப்பட்டவள். மருமகன் விஞ்ஞான ஆசிரியர். தலைப்பிரசவத்துக்கு அவளை அக்குறணைக்குக் கூட்டி வருவதாகத்தான் எண்ணம். இரத்த அழுத்தம் கூடியிருப்பதால் தூரப் பயணம் வேண்டாம் என்று வைத்தியர்கள் மறித்துவிட்டார்கள். மே மாத நடுப்பகுதியில் ஆண் குழந்தை பிறந்தது. "உம்மா, நீங்க வருவீங்கதானே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதற்குப் பிறகு நான் எப்படி வீட்டில் இருப்பது?

"இந்த நாரியோடா? நீ போய் அங்கே படுத்தால் அவங்களுக்கு இரண்டு நோயாளி" என்றார் பிள்ளைகளின் வாப்பா. அவர் சொன்னதிலும் பிழையில்லை.

நின்று நின்று போன பயணம்

இயன்மருத்துவப் பிரிவில் எனக்குப் பயிற்சி தந்தவர் ஒரு சிங்கள இளம்பெண். என் மகளை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். போகட்டுமா என்று கேட்டேன்.

"போங்க அம்மா. ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இருப்பில் இருக்கக்கூடாது. இறங்கி ஐந்து நிமிடம் நடங்க. பிறகு ஏறுங்க. நாரி வளைவுக்குள் ஒரு துவாயைச் சுருட்டி வையுங்க. இருக்கையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாயுங்க" என்றார்.

நிற்பதை விட இருப்பதுதான் டிஸ்குக்குப் பாரம் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. 1960களில் சுவீடன் நாட்டு வைத்தியர் அல்ஃப் நாக்கெம்சன், மனிதருடைய டிஸ்குக்குள்ளேயே மெல்லிய ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தாராம். படுத்திருக்கும்போது குறைவு, நிற்கும்போது அதைவிடக் கூட, இருக்கும்போது இன்னும் கூட. முன்னுக்குக் குனிந்து பாரமும் தூக்கினால் மிக அதிகம். நாம் பலகையில் குந்திக் குனிந்து தேங்காய் துருவும் காட்சி என் கண்முன் வந்தது.

சுபஹ் தொழுதுவிட்டு வேனில் புறப்பட்டோம். எங்கள் ஊர் கண்டி–யாழ்ப்பாண வீதியிலேயே இருப்பதால் தம்புள்ளை வரை நேரே வடக்கு நோக்கிய பாதை. மாத்தளையில் முதல் நிறுத்தம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவரும் நானும் அங்குமிங்கும் நடந்தோம். பார்த்தவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது நிறுத்தம் நாலந்தா. வீதியிலிருந்து சற்று உள்ளே போனால், நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கட்டடம் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்டது என்பார்கள். போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது இது தண்ணீரில் மூழ்கிவிடும் என்று, கல் கல்லாகப் பிரித்தெடுத்து உயரமான இடத்தில் பழையபடி அடுக்கியிருக்கிறார்கள். அத்தனை தடவை அந்த வழியால் போயிருக்கிறோம், ஒரு தடவையும் இறங்கிப் பார்த்ததில்லை. இந்த நாரி வலிதான் பார்க்க வைத்தது.

அந்த அடுக்கைப் பார்த்தபோது இயன்மருத்துவர் பிளாஸ்டிக் முள்ளந்தண்டைக் காட்டி விளக்கியது நினைவுக்கு வந்தது. நம் முள்ளந்தண்டும் ஓர் அடுக்குத்தான். எலும்புக்கும் எலும்புக்கும் இடையே மெத்தை போல 23 டிஸ்குகள். ஒவ்வொன்றுக்கும் வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே களி போன்ற பொருள். நார் வளையம் நைந்து வெடித்தால் உள்ளே இருப்பது பிதுங்கி நரம்பில் முட்டும். டிஸ்க் "விலகியது", "நழுவியது" என்று நாம் சொல்கிறோமே, அது பேச்சு வழக்குத்தான். தட்டு நழுவுவது போல அது நழுவுவதில்லை. ஆகவே யாரும் மிதித்தோ இழுத்தோ அதைப் பழைய இடத்தில் தள்ளி வைக்கவும் முடியாது.

தம்புள்ளையில் காலைச் சாப்பாடு. உணவுக்கடையில் நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஹபரணையில் நான்காவது நிறுத்தம். அதற்குப் பிறகுதான் சோதனை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே காடு. காட்டு யானைகள் வீதியைக் கடக்கும் பகுதி என்பதால் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. இருக்கையை நன்றாகச் சாய்த்து, கண்ணை மூடி, திக்ரு செய்தபடி கிடந்தேன். கால் கொதித்தது.

கந்தளாய்க் குளத்தைக் கண்டதும் உயிர் வந்தது. வேனை விட்டு இறங்கியதும் கச்சான் காற்று முகத்தில் அடித்தது. மலைநாட்டுக்காரியான எனக்கு அந்த வெக்கை புதிது. கடல் போல விரிந்து கிடந்தது குளம். 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி இந்த அணை உடைந்து ஊர்களை அள்ளிக்கொண்டு போன செய்தி எங்கள் இளம் வயதில் நாடே பேசியது. இன்று அணையோரத்தில் அமைதி. ஒரு முட்டித் தயிர் வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறினோம்.

சீனக்குடா, வெள்ளைமணல் தாண்டி கிண்ணியா போய்ச் சேர்ந்தபோது ளுஹருக்குப் பிந்திவிட்டது. மற்றவர்கள் நாலைந்து மணித்தியாலத்தில் போகும் பாதைக்கு எங்களுக்கு எட்டு மணித்தியாலம். ஆனால் நான் என் காலால் நடந்து மகளின் அறைக்குள் போனேன். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

குளிப்பாட்ட முடியாத உம்மும்மா

மகளின் மாமியாரை நான் மச்சி என்றுதான் அழைப்பேன். அவர் என்னை விட மூத்தவராக இருந்தும் என்னை ராத்தா என்பார். கிண்ணியாவின் பழைய மனுஷி. மறுநாள் காலை அவர் தரையில் பலகை போட்டு இருந்து, காலை நீட்டி, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தடவிக் குளிப்பாட்டினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். என் மூன்று பிள்ளைகளையும் அப்படித்தான் என் உம்மா குளிப்பாட்டினார். இப்போது அது என் முறை. ஆனால் காலை நீட்டி நிமிர்ந்து இருந்தால் எனக்கு நரம்பு சுண்டி இழுக்கும். குழந்தையைத் தொட்டிலில் இருந்து குனிந்து தூக்கவும் பயம். யாராவது எடுத்து மடியில் தந்தால் வைத்திருப்பேன். அறைக்குள் போய் யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

மருமகனுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. அன்று இரவு, "மாமி, ஸ்கேன் தாளைத் தாங்க பார்ப்போம்" என்று வாங்கி வாசித்தார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். 1994 இல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்களாம். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு டிஸ்க் வீங்கியிருந்ததாம். "தாளில் இருப்பது எல்லாம் வலி இல்லை மாமி. படத்தைப் பார்த்துப் பயப்படாமல் காலைப் பார்த்து நடங்க" என்றார்.

நோர்வே நாட்டு வைத்தியர் ஹென்ரிக் வெபர் 1983 இல் வெளியிட்ட ஓர் ஆய்வையும் சொன்னார். டிஸ்க் பிதுங்கிய நோயாளிகளில், உடனடியாக வெட்டியே ஆக வேண்டும் என்ற அவசரமில்லாதவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சத்திரசிகிச்சையும் மற்றப் பிரிவுக்கு அது இல்லாத சிகிச்சையும் கொடுத்துப் பத்து வருடம் பின்தொடர்ந்தார்களாம். ஒரு வருட முடிவில் சத்திரசிகிச்சை செய்தவர்களே நல்ல நிலையில் இருந்தார்கள். நான்கு வருடம் சென்றபோது இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. "அதாவது வெட்டினால் கெதியாகச் சுகம். பொறுத்தாலும் பலருக்குச் சுகம். எதுவும் ஹறாமும் இல்லை, கட்டாயமும் இல்லை" என்று சிரித்தார்.

பாலம்

இயன்மருத்துவர் இரண்டு வேலை தந்திருந்தார். ஒன்று, குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்தும் பயிற்சி. இந்தப் பயிற்சி வந்த கதை சுவையானது. 1956 இல் நியூசிலாந்தில் ரொபின் மெக்கென்ஸி என்ற இயன்மருத்துவர், ஒரு நோயாளியை அறையில் போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்த மனிதர் முதுகு பின்னுக்கு வளைந்தபடியே சிறிது நேரம் கிடந்தார். மெக்கென்ஸி வந்து பார்த்துப் பதறினார். நோயாளியோ, பல கிழமைகளுக்குப் பின் இப்போதுதான் சுகமாக இருக்கிறது என்றாராம். இந்த அனுபவத்திலிருந்து பிறந்த முறை இன்று உலகெங்கும் இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. சிலருக்குப் பின்னுக்கு வளைந்தால் வலி கூடும். அதனால் கற்றவர் பார்த்துச் சொன்ன பிறகே செய்ய வேண்டும். எனக்குச் சொன்ன அடையாளம் இது: காலில் உள்ள வலி மேலே ஏறி நாரிக்கு வந்தால், நாரி வலி கொஞ்சம் கூடினாலும், அது நல்ல குறி. வலி கீழே பாதத்துக்கு இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது வேலை, நடை. வீட்டு முற்றத்தில் நடந்தால் வந்து போவோர் எல்லாரும் காரணம் கேட்கிறார்கள். மச்சிதான், "பாலத்துக்குப் போவோம் வாங்க ராத்தா" என்றார்.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். இலங்கையின் மிக நீளமான பாலம் என்று பெயர் பெற்றது. 2009 இல் திறந்தார்கள். அதற்கு முன் வாகனமும் மனிதரும் "பாதை" என்று அவர்கள் சொல்லும் மிதவையில்தான் நீரைக் கடந்தார்கள். பிரசவ வலியோடு பெண்கள் பாதைக்காகக் கரையில் காத்திருந்த கதைகளை மச்சி சொல்லுவார். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்து வைத்தியசாலையையும் அழித்துவிட்டுப் போன ஊர் அது.

முதல் நாள் சுபஹுக்குப் பின் போனோம். நூறு எட்டு வைத்ததும் கால் கொதித்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா. தோணியில் இருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கித் திரும்பி வந்தோம். மறுநாள் நூற்றிருபது எட்டு. ஒரு கிழமையில் பாலத்தின் நடுவுக்குப் போனேன். ஒருநாள் ஆசையில் கூட நடந்துவிட்டு, அடுத்த இரண்டு நாளும் படுக்கையில் கிடந்தேன். அப்போது மகள் சொன்னாள்: "உம்மா, பாலம் எங்கேயும் போகாது."

முன்பெல்லாம் டிஸ்க் என்றால் கிழமைக்கணக்கில் பலகையில் படுக்க வைப்பார்கள். என் உம்மா அப்படி ஒன்றரை மாதம் படுத்தவர். 1986 இல் அமெரிக்க வைத்தியர்கள் சாதாரண முதுகு வலிக்காரர்களில் சிலரை இரண்டு நாளும், சிலரை ஏழு நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நாள் படுத்தவர்களின் சுகம் மற்றவர்களுக்குச் சற்றும் குறையவில்லை. வேலைக்குப் போகாத நாட்களும் அவர்களுக்கே குறைவு. தாங்க முடியாத வலிக்கு ஒன்றிரண்டு நாள் படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் தசை பலம் இழக்கும்.

இரண்டு பெண்கள் அபாயாவோடு பாலத்தில் உலாவுவதைப் பார்த்துச் சிலர் ஒரு மாதிரியாகப் பேசியதும் காதில் விழுந்தது. மூன்றாம் கிழமை, நீரிழிவுக்காரியான ஒரு அயல் வீட்டுச் சகோதரி தானும் வருவதாகச் சொன்னார். பிறகு முழங்கால் வலிக்காரி ஒருவர். நான் ஊர் திரும்பும்போது எட்டுப் பேர் நடந்தோம்.

கன்னியா

கிண்ணியா வேறு, கன்னியா வேறு. பெயர் ஒன்று போல இருப்பதால் வெளியூர்க்காரர் மயங்குவார்கள். கன்னியா, திருகோணமலை நகரிலிருந்து அனுராதபுர வீதியால் போய்த் திரும்பும் இடம். நகரிலிருந்து சுமார் எட்டுக் கிலோமீற்றர். நான் போன நான்காவது கிழமை, பாலம் முழுவதையும் ஒரு தடவை கடந்த அடுத்த நாள், மச்சியும் நானும் மருமகனோடு அங்கே போனோம். வார நாளில், காலை நேரத்தில் போனதால் கூட்டம் இல்லை.

ஒரு மதிலுக்குள் ஏழு சிறிய சதுரக் கிணறுகள். ஆழம் ஒரு ஆளின் இடுப்பளவுதான். அடித்தரை தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் சூடு சற்று வித்தியாசம். ஒன்றில் இளஞ்சூடு, பக்கத்துக் கிணற்றில் சுறுசுறு என்று இருக்கிறது. உள்ளே இறங்குவதில்லை, வாளியால் அள்ளித்தான் குளிக்க வேண்டும். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் நிலத்தைக் குத்தியபோது பிறந்த ஊற்றுகள் என்பது இந்துக்களின் ஐதீகம். இன்றும் இறந்தவர்களுக்கான கடன் செய்ய அங்கே வருகிறார்கள். எல்லாச் சமூகத்தவரும் வந்து குளிக்கும் இடம்.

நம் நாட்டில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக நிலத்தின் ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடாகி மேலே வருகிறது என்று மருமகன் விளக்கினார். மகா ஓயாவிலும், அம்பாந்தோட்டைப் பக்கம் மதுனாகலவிலும் இதேபோல ஊற்றுகள் உண்டு.

ஆசையோடு வாளியைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கிணறு தரை மட்டத்தில் இருக்கிறது. அள்ள வேண்டும் என்றால் இடுப்பை மடித்துக் குனிய வேண்டும். நிறைந்த வாளியைத் தூக்க வேண்டும். எதைச் செய்யாதே என்று மூன்று மாதமாகச் சொன்னார்களோ, அதையே மருந்தின் பெயரால் நாற்பது ஐம்பது தடவை செய்ய வேண்டும்! நாரி வலிக்கு வந்த எத்தனை பேர் இங்கே வலியைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்களோ தெரியாது.

"நீங்க நில்லுங்க ராத்தா" என்று மச்சி வாளியை வாங்கிக்கொண்டார். கறுப்பு உடுப்போடு நான் நிற்க, அவர் அள்ளி அள்ளி என் நாரியில் ஊற்றினார். உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தச் சுகம் சொல்லில் அடங்காது. மூன்று மாதமாகக் கட்டியாக இறுகிக் கிடந்த தசை இளகியது. அன்று இரவு மாத்திரை இல்லாமல் தூங்கினேன். மறுநாள் மாலை வலி திரும்பி வந்துவிட்டது.

சூடு தசைப் பிடிப்பை இளக்கும், வலியைத் தணிக்கும். ஆனால் பிதுங்கிய டிஸ்கை அது உள்ளே தள்ளாது. வீட்டில் சுடுநீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால் மணித்தியாலம் வைத்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான். வெதமாத்தயாவின் எண்ணெய்ப் பத்தும், ஆயுர்வேதத்தில் உழுந்துமாவால் நாரியில் வரம்பு கட்டி இளஞ்சூட்டு எண்ணெய் நிரப்பும் கடிவஸ்தியும் பலருக்கு இதமாக இருக்கின்றன. இதத்துக்காகச் செய்தால் குறையில்லை. "இதோடு டிஸ்க் சரி" என்று நம்பி நடையையும் பயிற்சியையும் விட்டுவிட்டால்தான் நட்டம். நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். அவர்களும் கர்ப்பிணிகளும் இதய நோயாளரும் வைத்தியரைக் கேட்காமல் சுடுநீர் ஊற்றுகளுக்குப் போகக்கூடாது. ஹிஜாமா செய்ய விரும்புவோர், பயிற்சி பெற்றவரிடம், புதிய கத்திமுனையால்தானா செய்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகெலும்பை மிதிப்பதும் முறிப்பது போல் திருப்புவதும் எக்காரணத்துக்கும் வேண்டாம்.

மேசைமேல் ஒரு பேசின்

ஐந்தாவது கிழமை, வலி கணுக்காலை விட்டு முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. பாலத்தில் போக வரக் கடந்தேன். ஒருநாள் மகள், "உம்மா, குழந்தையை ஏன் கீழே வைத்துத்தான் குளிப்பாட்ட வேணும்?" என்று கேட்டாள். குசினி மேசையைச் சுவரோடு தள்ளி, மேலே ஒரு பேசினை வைத்து, மருமகன் தண்ணீர் ஊற்றித் தந்தார். மேசை என் இடுப்பளவு உயரம். நான் நிமிர்ந்து நின்றபடியே, மச்சி பக்கத்தில் நிற்க, பேரனைக் குளிப்பாட்டினேன். என் உம்மா செய்தது போல அல்லதான். ஆனாலும் என் கையால் செய்தேன்.

அதே போலத் தேங்காய் துருவுவதும் மேசைக்கு ஏறியது. வீட்டுக் கூட்டலுக்கு நீளத் தும்புத்தடி வந்தது. வாளியில் பாதித் தண்ணீர்தான். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை மடிக்காமல் முழங்காலை மடிக்கப் பழகினேன். குழந்தையை நெஞ்சோடு அணைத்த பிறகே எழுந்திருப்பேன். இவை எல்லாம் சின்ன விஷயங்கள். ஆனால் நம் நாரி பெரும்பாலும் ஒரு நாளில் நைவதில்லை. இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் வருடக்கணக்காக நைகிறது.

நாற்பது கழிந்து, ஜூன் கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தது. பெருநாள் காலையில் கதிரையை ஓரமாக வைத்துவிட்டு, முஸல்லாவில் நின்று மெல்ல ருகூஉ செய்து, மெல்ல முழங்காலை ஊன்றி ஸுஜூதுக்குப் போனேன். நாரி கொஞ்சம் முனகியது. நெற்றி நிலத்தில் பட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

ஜூலையில் நிபுணரிடம் போனேன். பெருவிரலைத் தூக்கச் சொல்லி, தன் விரலால் அழுத்திப் பார்த்தார். பலம் திரும்பியிருந்தது. நுனியில் மட்டும் மரப்பு. "பிதுங்கி வெளியே வந்த பகுதியைப் பலருக்கு உடலே மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை" என்றார். மரப்பு இன்னும் இருக்கிறது. பாரம் தூக்கினால் நாரி ஞாபகப்படுத்தும். அதோடு வாழப் பழகிவிட்டேன்.

இதை வாசித்துவிட்டுச் சத்திரசிகிச்சையே கூடாது என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். என்னோடு கிளினிக் வரிசையில் இருந்த ஒரு சகோதரிக்குப் பாதம் தொங்கிவிட்டது. அவருக்கு உடனே செய்தார்கள், இன்று நன்றாக நடக்கிறார். இந்த அடையாளங்களை மனதில் வையுங்கள்: சிறுநீர் போகாமல் தடைப்படுதல், சிறுநீரோ மலமோ தெரியாமல் போதல், தொடை இடுக்கிலும் மறைவிடத்திலும் மரத்துப்போதல், இரண்டு கால்களிலும் பலம் குறைதல், பாதம் தூக்க முடியாமல் தொங்குதல். இவற்றில் எது வந்தாலும் எண்ணெய் தேடாமல், வெட்கப்படாமல், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மணித்தியாலங்கள் பிந்தினாலும் நரம்பு நிரந்தரமாகக் கெடலாம். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் உடல் மெலிதலோடு வரும் வலி, விழுந்த பின் வரும் வலி ஆகியவற்றையும் உடனே காட்ட வேண்டும். வலி மாத்திரைகளைக் கடையில் தானாக வாங்கிக் கிழமைக்கணக்கில் விழுங்குவதும் ஆபத்து. வயிற்றையும் சிறுநீரகத்தையும் அவை கெடுக்கக் கூடும்.

அப்படி அவசரம் இல்லாதவர்களுக்கு என் அனுபவம் சொல்வது இதுதான். உங்கள் ஊரில் ஒரு பாலம் இல்லாமல் இருக்கலாம். ஒரு குளக்கட்டு, ஒரு பள்ளிக்கூட மைதானம், வீட்டைச் சுற்றிய ஒரு முற்றம் இருக்கும். இன்று நூறு எட்டு, நாளைக்கு நூற்றிருபது. வாளியை வாங்கிக்கொள்ள ஒரு மச்சியும், மேசையைத் தள்ளிப் போட ஒரு மகளும் உங்களுக்கும் இருப்பார்கள். அவர்களிடம் வாய் திறந்து கேளுங்கள். நாம் கேட்பதில்லை. அதுதான் நம் நாரிக்கு நாம் ஏற்றும் பெரிய பாரம்.

பேரனுக்கு இப்போது நல்ல கனம். கிண்ணியாவுக்குப் போனால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் நடக்கிறேன். அவனைத் தூக்குவதில்லை. அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு போகிறான்.